குடும்ப ஜெபத்தில் சண்டை

பிலாய்
18-11-1971

அன்பான அப்பா, அம்மா இருவருக்கும் தபீதாளின் ஸ்தோத்திரம். நான் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை இங்கே தமிழ் நர்ஸுகள் கூடியபோது என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "செத்த பிள்ளைக்காகச் சண்டை போடுகிறவர்களை மன்னியும்" என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் ஆமென் என்றார்கள். பம்மல் ஸ்டெல்லா மட்டும், "இன்னாடி, யாரைக் குத்திக் காட்டுற?" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

எல்லாம் நம் வீட்டுப் பழக்கம்தான். பீச் போகும் ரயிலைப் பிடிக்க ஓடிய தம்பி சாலமோன் தாம்பரம் தண்டவாளத்தில் அடிபட்டுப் போனதிலிருந்து நீங்கள் இருவரும் பேசுவதில்லை. லீவில் வந்தபோது என் காதால் கேட்டேனே. மாலை ஜெபத்தில் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, "லைனைத் தாண்டி ஓடச் சொன்னவர்களை மன்னியும் ஆண்டவரே" என்பீர்கள். அப்பா, உங்கள் முறை வந்ததும், "பிள்ளையை நேரத்தோடு எழுப்பாதவர்களை மன்னியும்" என்பீர்கள். ஆமென் சொன்னதும் அம்மா என்னிடம், "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடி."

இப்போது நான் அங்கே இல்லை. அப்பாவைச் சாப்பிட யார் கூப்பிடுகிறார்கள்?

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சாலமோனின் நீல ஸ்வெட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பார்சலில் அனுப்புங்கள், எனக்குச் சரியாக இருக்கும். நாரத்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம்.

அப்பாவின் கண்ணாடி உடைந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா எழுதியிருந்தார். அதனால் இந்தக் கடிதத்தை அம்மாதான் அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். டூட்டிக்கு மணி அடித்துவிட்டது, நிறுத்துகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு இதை வாசிக்க முடியாது, அம்மா.

தபீதாள்