சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அடிக்குரல்

1999 செப்டம்பர் 7, செவ்வாய்

ஆற்றுவெள்ளம் ஊர்ப் பாலத்தை அடித்துக்கொண்டு போன 1957-ஆம் வருஷம் அது. ரஷ்யாக்காரன் வானத்தில் ஓர் உருண்டையைச் சுற்றவிட்டதும் அதே வருஷம்தான், அக்டோபரில். அந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, ரேடியோ நிலையத்தில் நாங்கள் நாலு பேர், உயிரோடு இருந்த ஒருவனுக்குச் சாவுப்பாட்டுப் பாடினோம்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், தங்கை ஸெல்லா எழுதுகிறாள். "அதே கதைய என்கிட்ட மூணு தடவ சொல்றதுக்கு, ஒரு தடவ எழுத வெச்சிடு அண்ணா" என்றாள்.

இன்று கார்பெட் ஆள் அனுப்பியிருந்தான். நிலக்கரிச் சுரங்கத்துத் தூசு நெஞ்சை அடைத்து, இப்போது படுக்கையில் இருக்கிறான். அந்தப் பாட்டை நான் வந்து மறுபடி பாட வேண்டுமாம்.

அந்த உயிரோடு இருந்தவன் அவன்தான்.

செப்டம்பர் 8, புதன்

நாங்கள் நாலு பேரும் சபைப் பாட்டுக் குழு. அண்ணன் கிளாய்ட் கிட்டாரும் முதற்குரலும். ஆர்வில் மாண்டலின், மேல்குரல். டென்வர் பான்ஜோ, நடுக்குரல். நான் அடிக்குரல். மைக் ஒன்றுதான். என் முறை வரும்போது குனிந்து நுழைந்து பாடிவிட்டு விலகிவிட வேண்டும்.

கார்பெட்டின் லாரி ஆற்றில் மூக்குக் குத்திக் கிடந்தது. அவனைக் காணோம். அவன் அம்மா ரேடியோ நிலையத்துக்கே வந்துவிட்டாள். "குடிச்சே போயிட்டான். மனந்திரும்பாமலே போயிட்டான். அவனுக்கு ஒண்ணு பாடுங்கப்பா" என்றாள். அறிவிப்பாளர் பேரைப் படித்தார். பாடினோம்.

அவனோ ரேடியோ நிலையத்தை ஒட்டிய போலீஸ் லாக்கப்பில், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கமே கிடந்தான். முந்தின இரவு லாரியை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையேறி, போதையில் போலீசிடம் மாட்டி, அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று பொய்ப் பேர் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் ஆராதனைக்கு நடந்து வந்தான். அம்மா மயங்கி விழுந்தாள். அன்றே சபையில் எழுந்து நின்றான், ஆற்றில் ஞானஸ்நான முழுக்கும் வாங்கிக்கொண்டான். தன் சாவுச் செய்தியைக் கேட்டு எழுந்தவன் என்று கிளாய்ட் ஊர் ஊராகச் சொன்னான். கேட்டவர்கள் அழுதுகொண்டு முன்னால் வந்தார்கள். நான் பின்னால் நின்று வாத்தியப் பெட்டிகளை மூடிக்கொண்டிருப்பேன்.

இங்கேதான் எனக்குக் குழம்புகிறது. தப்பாகப் பாடிய பாட்டில் ஒருவன் எழுந்தான். சரியாகப் பாடிய அத்தனை பாட்டிலும் என்னுள் ஒன்றும் அசையவில்லை. எங்கள் சபையில், எனக்குள் மனமாற்றம் நடந்தது என்று ஒருவன் தானே சொல்லும்வரை யாரையும் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். கடைசி பெஞ்சில் காத்திருந்தே தலை வெளுத்துவிட்டது.

நான் போய் அவனுக்கு எதைப் பாடுவது?

செப்டம்பர் 9, வியாழன்

போகவில்லை. மழைகூட இல்லை, சாக்குச் சொல்ல.

செப்டம்பர் 14, செவ்வாய்

போனேன்.

மூன்று தலையணையில் சாய்ந்திருந்தான். "அன்னைக்கு அனுப்பி வெச்சீங்க, நான் போகல. இந்தத் தடவ ஒழுங்காப் பாடி அனுப்புடா" என்றான்.

"தனியா எப்படிடா? கிளாய்ட் இல்லாம என் பங்கு பாட்டே இல்ல. கிணத்துத் தவள மாதிரி இருக்கும்."

"தவளையே கத்தட்டும். பாடு."

பாடினேன். கிளாய்ட் பாடும் இடங்களில் சும்மா இருந்தேன், கை மட்டும் தொடையில் தாளம் தட்டியது. என் இடம் வந்தபோது கீழே இறங்கினேன். அடுப்படியில் அவன் மனைவி சிரிப்பை அடக்கியது கேட்டது. அவன் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, கட்டிலை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்திருந்தான்.

"இதேதான். அன்னைக்கும் இதான் கேட்டுச்சு."

"நாலு பேர் பாடினோமேடா."

"எனக்குக் கேட்டது ஒரு ஆள்தான். லாக்கப்புச் சுவரு என்ன கனம்! வார்த்த ஒண்ணும் வரல. என் பேரும் கேக்கல. நான் செத்துட்டேன்னு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். சுவர்ல கை வெச்சிருந்தேன். அடியில இருந்து உன் குரல் மட்டும் வந்துச்சு. வரும், நிக்கும். நின்னா, இன்னும் வருமா வருமான்னு இருந்துச்சு. அப்படி நின்னப்பதான்டா அழுதேன்."

"கிளாய்ட் வேற மாதிரில்ல சொன்னான்?"

"அவன் கதை நல்லா இருந்துச்சு. அதக் கேட்டு எத்தன பேர் வந்தாங்க. நான் ஏன் கெடுக்கணும்? என்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல."

செப்டம்பர் 15, புதன்

சோளரொட்டி தட்டிலேயே கிடக்கிறது. அவனுக்குள் போனது வார்த்தை இல்லையென்றால், வேறு என்ன? என்னிடமிருந்து போனதென்றால் அது என்னிடம் இருந்திருக்க வேண்டாமா? குழாய் வழியாகத் தண்ணீர் போனால் குழாய்க்குத் தாகம் தீருமா? தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல.

"நனையவாவது செய்யும்ல அண்ணா" என்றாள் ஸெல்லா. அதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள்.

செப்டம்பர் 19, ஞாயிறு

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். கால் எழுந்தது, நான் பின்னால் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்ன நடந்துச்சுன்னு சபைக்குச் சொல்லுங்க அண்ணே" என்றார் பாஸ்டர் வெர்னன்.

"ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் புரியலன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன். கார்பெட் ஒரு காலைல அந்தச் சுவத்துக்கிட்ட இருந்தான். நான் இத்தன வருஷமா அங்கதான் இருக்கேன். இன்னும் வருமா வருமான்னு."

முன் பெஞ்சிலிருந்து கிழவி ஓனா திரும்பாமலே சொன்னாள்: "இது போதாதுன்னா இங்க ஒருத்தரும் நனைஞ்சிருக்க முடியாது."

எனக்கு முழுக்குக் கொடுக்கலாமா என்று பாஸ்டர் சபையைக் கேட்டார். கைகள் உயர்ந்தன.

அக்டோபர் 10, ஞாயிறு

ஆறு இடுப்பளவு. குளிர் எலும்பில் ஏறியது. தலை உள்ளே போனபோது சத்தம் எல்லாம் நின்றது. மேலே வந்ததும் கரையில் பாடிக்கொண்டிருந்தார்கள். அடிக்குரலுக்கு ஆள் இல்லை. பல் நடுங்க நடுங்க நானே சேர்ந்துகொண்டேன்.

புரிந்ததா? இல்லை. சட்டை இன்னும் அடுப்பருகில் காய்கிறது.

கிளாய்ட் போய்விட்டான். ஆர்வில், டென்வர், பேரைப் படித்த அறிவிப்பாளர், பாடச் சொல்லி வந்த அந்த அம்மா, எல்லாரும் போய்விட்டார்கள். அந்தச் சனிக்கிழமை ஆட்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவன். இன்று கரையில் நாற்காலி போட்டு, கம்பளிக்குள் உட்கார்ந்து, "இன்னொரு தடவ முக்குங்க, கெழவன் காஞ்சு போய்க் கெடக்கான்" என்று கத்தியவன். செத்துப்போனதாக ரேடியோவில் சொல்லப்பட்ட கார்பெட்.