தவறான லைட்னிங்கின் வாயை அடைத்தது குறித்து

அனுப்புநர்
திருமதி தெல்மா ஓல்டர்ஷா,
3, சேப்பல் சந்து,
ஸ்கார்தோர்ப், லிங்கன்ஷயர்.

பெறுநர்
திரு. ஜி. பாட்டர்டன் அவர்கள்,
ஒலித் தொல்லைத் தடுப்பு அலுவலர்,
நார்த் டைக் மாவட்ட மன்றம்.

பொருள்: ஸ்கார்தோர்ப் பழைய ஓடுதளத்தில் உள்ள லைட்னிங் விமானத்தின் இன்ஜின்களை இயக்கத் தடை – தடைக்குக் காரணமான புகார் வேறொரு லைட்னிங்கைப் பற்றியது – புகார் தந்தவள் நானே – 23.09.2023 சனிக்கிழமைக்கு முன் தடையை நீக்கக் கோருதல்.

பார்வை: 1) எனது புகார், நாள் 15.06.2023.
2) தங்கள் தடை ஆணை, நாள் 24.07.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் நாற்பத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் இல்லத்தரசி. பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். சட்டமும் விதியும் நூலக வண்டி வரும் செவ்வாய்க்கிழமைகளில் நானாகப் படித்துக்கொண்டவை. ஆகவே இம்மனுவில் பிழை இருந்தால் அது என்னுடையது, நூலக வண்டியுடையது அல்ல. மனு கொஞ்சம் நீளம். தாங்கள் தேநீர் போட்டுக்கொண்டு உட்காருவது நல்லது.

2. எங்கள் மெதடிஸ்ட் சபையில் பெண்கள் ஒன்பது பேர் புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் செபத்துக்குக் கூடுவோம். இரண்டேகாலுக்கு ஐந்து நிமிட மௌனம். ஏப்ரல் 12 முதல் ஜூன் 14 வரை பத்துப் புதன்கிழமைகள் வந்தன. அவற்றில் ஏழில், மௌனம் தொடங்கக் காத்திருந்ததுபோல், வான்படையின் புதிய போர் விமானங்கள் சபைக் கூரைக்கு மேல் சென்றன. நேரம், எண்ணிக்கை, திசை மூன்றையும் நோட்டில் குறித்திருக்கிறேன் (இணைப்பு 1). மே 17 அன்று மூன்று விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றபோது, எங்களில் மூத்தவரும் காது மந்தமானவருமான திருமதி எனிட் பாவிஸ் ஆண்டவருடைய வருகை என்றே நம்பி எழுந்து நின்றுவிட்டார். கைப்பையையும் எடுத்துக்கொண்டார். இறங்கி வந்தவர் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். புகார் எழுத வேண்டும் என்று அன்றுதான் தீர்மானித்தேன்.

3. எழுதுவதை ஒழுங்காக எழுத வேண்டும் என்று விமானத்தின் பெயரையும் விசாரித்துக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது. அந்தப் புதிய விமானத்துக்கு வான்படை வைத்திருக்கும் பெயர் லைட்னிங். இதே பெயரில் 1988இல் ஓய்வுபெற்ற ஒரு பழைய போர் விமானமும் உண்டு. அந்தப் பழையவற்றில் ஒன்று எங்கள் ஊர் ஓடுதளத்துக் கொட்டகையில் நிற்கிறது. ‘ஸ்கார்தோர்ப்பில் லைட்னிங் விமானத்தின் சத்தம் பொறுக்க முடியவில்லை’ என்று நான் எழுதினேன். தாங்கள் ஸ்கார்தோர்ப்பில் லைட்னிங் எங்கே என்று தேடினீர்கள். ஒன்று கிடைத்தது. அதைத் தடை செய்தீர்கள்.

4. இதில் தங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் விமானம் ‘சபைக் கூரைக்கு மேல் பறந்தது’ என்றும் எழுதியிருந்தேன். தங்கள் ஆணையிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. கொட்டகை விமானம் முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. ஆண்டுக்கு நான்கு சனிக்கிழமைகளில் இன்ஜினைப் போட்டு ஓடுதளத்தின் கோடிவரை ஓட்டித் திருப்பிக் கொண்டுவருவார்கள், ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு நிமிடம். அவ்வளவுதான். அது பறந்ததாக மாவட்ட மன்றமே முத்திரை வைத்துச் சொல்லியிருப்பதால், தங்கள் ஆணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். “பாத்தீங்களா, கவர்மெண்டே ஒத்துக்கிச்சு, நம்மாளு இன்னும் பறக்குதுன்னு” என்று வருவோர் போவோரிடம் காட்டுகிறார் விமானக் காப்புக் குழுவின் தலைவர் திரு. க்ளிஃப் ராஸ்டன். அவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தடை வந்த துக்கத்திலும் அவருக்கு இந்த ஓர் ஆறுதல்.

5. அந்தக் குழுவின் பதினொரு பேரில் என் கணவர் டெஸ்மண்டும் ஒருவர், வயது எழுபது. இளம் மெக்கானிக்காக வான்படையில் இருந்தபோது இதே விமானத்தைப் பார்த்துக்கொண்டவர். அதன் வாலில் உள்ள எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். என் பிறந்தநாளைக் கேட்டால் மாதம் வரை சொல்வார். பழையதா புதியதா என்ற பேச்சு எடுத்தால் என் சமையலறையில் சாப்பாடு ஆறிவிடும். “புதுசு, கம்ப்யூட்டருக்கு ரெக்கை வச்ச மாதிரி. நூறு மைலுக்கு அப்பால இருந்தே எதிரியப் பாத்துடுமாம். இது அப்படி இல்ல கண்ணு. நேர்ல போய்ப் பாக்கும். மரியாதை தெரிஞ்ச விமானம்” என்பார். அதில் எரிபொருள் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுமாமே என்று ஒருமுறை கேட்டேன். “வந்த வேலைய முடிச்சிட்டுக் கெளம்பிடும். உன் தங்கச்சி மாதிரி உக்காந்துகிட்டே இருக்காது” என்றார். என் தங்கையின் காரில் எண்ணெய் ஒழுகியதற்கு ஒரு மணி நேரம் திட்டிய மனிதர் இவர். லைட்னிங்கில் ஒழுகினால் ‘மூச்சு விடுது’ என்பார். அது மூச்சு விடும் இடங்களில் என் கேக் தட்டுகள் ஆறு வைக்கப்பட்டுள்ளன.

6. கொட்டகையில் ஒரு விதி உண்டு. புதிய விமானத்தை லைட்னிங் என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னவர் அன்றைய கோப்பைகள் அனைத்தையும் கழுவ வேண்டும். அங்கே அதன் பெயர் ‘பேர்த்திருடி’. ‘பேர்த்திருடியின் சத்தம்’ என்று நான் எழுதியிருந்தால் தங்களுக்கும் இவ்வளவு வேலை வந்திருக்காது.

7. தங்கள் ஆணை கிடைத்ததும் திரு. ராஸ்டன் அதை எடுத்துக்கொண்டு நேராக என் சமையலறைக்கு வந்தார். புகார் தந்தவர் ‘சேப்பல் சந்தில் குடியிருப்பவர்’ என்று அதில் இருந்தது. சந்தில் இருப்பது ஐந்து வீடுகள். “நம்ம தெல்மா வீட்டத் தள்ளு. மிச்சம் நாலு” என்று விரல் விட்டு எண்ணினார். என் கணவர், “எனிட் கெழவிக்குக் காதே கேக்காதுய்யா. மிச்சம் மூணு” என்றார். அப்போது நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வாயிலிருந்து வந்தது, சர்க்கரை வேண்டுமா என்ற கேள்வி. அவர் இரண்டு கரண்டி போதும் என்றார்.

8. பழி ஐந்தாம் எண் வீட்டுக்காரரான திரு. ஜூலியன் ஃபேர்ப்ராதர் மேல் விழுந்தது. லண்டனிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆன அமைதியான மனிதர். அவருக்கு எதிரான ஒரே சாட்சியம், சென்ற ஆண்டு பொதுமக்கள் பார்வை நாளில் லைட்னிங்கைத் தடவிப் பார்த்து “இதுதான் ஸ்பிட்ஃபயரா?” என்று அவர் கேட்டது. மூக்கில் காற்றாடி சுற்றும் உலகப்போர் விமானத்துக்கும் ஜெட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் எதற்கும் துணிந்தவன் என்பது குழுவின் ஒருமனதான தீர்ப்பு. அவர் உறுப்பினராகக் கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் திருப்பப்பட்டது. மதுக்கடையில் வெள்ளிக்கிழமை வினாடி வினா அணியிலிருந்து அவர் பெயர் அடிக்கப்பட்டது. ஒன்பது நாட்கள் அவர் வாசலுக்கு எதிரே சாண வண்டி ஒன்று நின்றது, தற்செயல் என்றார்கள். நாள்களை எண்ணிக் குறித்தவள் நான். வண்டியை எடுக்கச் சொல்லாதவளும் நான்.

9. ஆகஸ்ட் 27, ஞாயிறு. ஆராதனை முடிந்து வரும்போது சபை வாசலில் அவர் என்னை நிறுத்தினார். “மிஸஸ் ஓல்டர்ஷா, நான் என்னங்க தப்பு பண்ணேன்? ஸ்பிட்ஃபயர்னு கேட்டதுக்கா? அதுக்கப்புறம் ரெண்டு புக்கு வாங்கிப் படிச்சிட்டேங்க. ரெண்டு இன்ஜின், ஒண்ணு மேல ஒண்ணு. இப்ப எனக்குத் தெரியும்” என்றார். ஐயா, பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தவள் நான். வாயை மூடிக்கொண்டும் பொய்ச்சாட்சி சொல்ல முடியும் என்று அந்த வாசலில்தான் கற்றுக்கொண்டேன்.

10. அன்று மதியச் சாப்பாட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினார். பிறகு, “என்னன்னு எழுதுன?” என்றார்.
“லைட்னிங்னு.”
“புதுச?”
“அதோட பேரே அதானே.”
முள்கரண்டியைக் கீழே வைத்தார். “சத்தம்னு எழுதுனதக்கூட விடு, தெல்மா. அதப் போயி லைட்னிங்னு எழுதியிருக்கியே.” அன்று பாத்திரங்கள் அனைத்தையும் நானே கழுவினேன். விதி அப்படி.

11. செப்டம்பர் 23 ஏன் முக்கியம் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் அக்டோபரில் ஓடுதளத்தை உடைத்துச் சாலை போடும் கல்லாக்கப் போகிறார். விமானம் வேறு மாவட்டத்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் போகும். அங்கே எரிபொருளை வடித்து, இன்ஜின்களின் வாயை மூடி, கயிறு கட்டி நிறுத்திவிடுவார்கள். ஆகவே 23ஆம் தேதி ஓட்டமே கடைசி. அன்று ஓட்டுநர் இருக்கையில் உட்காரக் குழு என் கணவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர் மெக்கானிக், பதினேழு ஆண்டுகள் மற்றவர்களை அந்த இருக்கையில் வார் போட்டுக் கட்டி அனுப்பிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு விலகி நின்றவர். தாமே உட்கார்ந்து அதை ஓட்டியதில்லை, ஒருமுறைகூட.

12. ஆகையால் பணிவுடன் கேட்பது:

(அ) எனது 15.06.2023 புகாரை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். வான்படை விமானங்கள் தங்கள் அதிகாரத்துக்குள் வருவதில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். செபக் கூட்டத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டோம்.

(ஆ) தங்கள் 24.07.2023 ஆணையை 23.09.2023க்கு முன் நீக்கித் தர வேண்டும். நீக்கும் கடிதத்தில் விமானம் பறக்கவில்லை என்று குறிப்பிடாமல் விட்டால் குழுவினர் நன்றியுடன் இருப்பார்கள்.

(இ) புகார் தருவோரின் பெயரை மறைப்பது தங்கள் வழக்கம் என்று அறிவேன். என் விஷயத்தில் மறைக்க வேண்டாம். வரும் சனிக்கிழமை இந்த மனுவின் நகலைக் கொட்டகையில் நானே படிக்கப் போகிறேன். திரு. ஃபேர்ப்ராதரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் முன்னால்தான் படிப்பேன்.

13. கடைசியாக ஒன்று. இது சட்டத்துக்குள் வருமா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் கணவர் என்னிடம் நன்றாகவே பேசுகிறார். மழை, முட்டைக்கோஸ், முழங்கால் வலி எல்லாம் பேசுகிறார். விமானத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. காலையில் பேர்த்திருடி வீட்டுக்கு மேலே போனபோது நிமிர்ந்து பார்த்துத் திட்டக்கூட இல்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு ஆண்டுகளில், இந்த மனிதர் ஒரு நாளாவது விமானப் பேச்சை நிறுத்த மாட்டாரா என்று நான் ஆண்டவரிடம் கேட்ட முறைகளுக்குக் கணக்கில்லை. இப்போது ஆண்டவர் கொடுத்துவிட்டார். தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளும் என்றும் கேட்டுவிட்டேன். அவர் தங்கள் அலுவலகத்தின் வழியாகத்தான் செய்வார் போலிருக்கிறது. சத்தம் போதவில்லை என்று புகார் செய்யப் படிவம் ஏதும் இல்லை என்று தங்கள் அலுவலகப் பெண் தொலைபேசியில் சொன்னார். அதனால் வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்கிறேன், ஐயா: ஒரு பன்னிரண்டு நிமிடம் அந்த விமானத்தைக் கத்த விடுங்கள்.

இணைப்புகள்: 1) நோட்டின் நகல், நான்கு பக்கங்கள். 2) இரண்டு விமானங்களின் படங்கள், ‘இது’, ‘இது அல்ல’ என்று அம்புக்குறி இட்டவை.

தங்கள் ஆணைக்குக் காரணமானவளும் அது நீங்கக் காத்திருப்பவளுமான,

(ஒப்பம்) தெல்மா ஓல்டர்ஷா

இடம்: ஸ்கார்தோர்ப்
நாள்: 30.08.2023