முத்திரை உடையாத கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நம் வீட்டுச் சாம்பல் வாத்து, பாதிரியாரின் பொய்முடிக்குள் முட்டையிட்டுவிட்டது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறேன். முடியை வாத்துக் கூண்டில் வைத்தது யாரென்று ஊரில் எவருக்கும் தெரியாது. ரகசியம் காப்பதில் ஹாம்ப்ஷயரிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை.

வியாழக்கிழமை உன் கல்யாணம். சர் ஆம்புரோஸ் நல்லவர்தான். சூப் குடிக்கும்போதே தூங்கிவிடுவார், அவ்வளவுதான்.

நேற்று கேப்டன் ஹால்டேன் ஊர் திரும்பி வந்தார். கல்யாணச் செய்தியைச் சொன்னேன். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"என் கடிதத்துக்கு உங்கக்கா ஏன் பதிலே போடல, தம்பி?"

"அவ சுத்த சோம்பேறி, சார்."

"பதில் வராததும் ஒரு பதில்தான்," என்று சிரிக்கப் பார்த்தார். இன்று காலை கப்பலேறிவிட்டார். திரும்பி வர மூன்று வருஷமாகுமாம்.

நிச்சயமாகாத பெண்ணுக்கு ஆண்பிள்ளை கடிதம் போடக் கூடாதே. அதனால்தான் வசந்தத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும்போது உனக்கான கடிதத்தை என்னிடம் கொடுத்தார். உன்னை இரண்டு நாள் சீண்டலாமென்று ஒளித்துவைத்தேன். "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாருடா" என்று நீ அழுததும், கொடுக்கப் பயமாகிவிட்டது.

நான் ரகசியம் காத்தவனில்லை அக்கா, வெறும் பயந்தாங்கொள்ளி. கடிதம் இதனுடன் இருக்கிறது. வியாழனுக்கு முன்னால் படித்துவிடு.

உன் தம்பி