பின்னுக்குப் போட்ட டயர்

1926 ஒக்டோபர் 14, பதுளை.

காருக்கு இரண்டு புது டயர் வாங்கினேன். கடைவீதி பார்க்கட்டும் என்று முன் சக்கரங்களில் மாட்டச் சொன்னேன். திரை போட்ட பின்சீட்டிலிருந்து மனைவி ஸுலைஹா மெல்லக் கூப்பிட்டாள்.

"பின்னுக்குப் போடுங்க. மழைக்குப் பின்பக்கம்தான் சறுக்குது."

"ரோட்டையே பார்க்காத உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே பின்னுக்கு இருக்கிறேன்."

சிரித்துக்கொண்டே மாற்றிப் போடச் சொன்னேன்.

லுணுகலையில் மாமி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு மலை வளைவிலும் அவள் நபிகள் மேல் ஸலவாத்து ஓதுவாள். இத்தனை வருஷமாக அதை மார்க்கப்பற்று என்றே நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று மழை கொட்டியும் பின்னாலிருந்து சத்தமே இல்லை. மாமி வீட்டு வாசலில் நிறுத்தித் திரையை விலக்கினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.