மலிவானதே போதும் என்றான்

ஞாயிற்றுக்கிழமை

என் வாலுக்குட்டிக்குப் பாட்டி எழுதுவது,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். என் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? போன தடவை போனில் பேசும்போது உன் தொண்டை கட்டியிருந்தது. கிடங்குத் தூசி என்றாய். பெட்டி தூக்குகிறவர்களுக்கு மூக்கை மூட ஒரு துணி கொடுத்தால் அந்தக் கிடங்குக்காரர்களின் சொத்தா கரைந்துவிடும்? நீயே ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்.

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த இரண்டு படங்களும் கிடைத்தன. பாக்கெட் ஹோல் ஜிக் என்று எழுதியிருந்தாய். பலகையில் சாய்வாகத் துளை போடும்போது டிரில் நழுவாமல் பிடித்து வழிகாட்டுகிற சாமானாம். ஸ்க்ரூ உள்ளே ஒளிந்துகொள்ளுமாம், வெளியே ஆணித்தலை தெரியாதாம். உன் அப்பா எனக்கு விளக்கினான். மஞ்சள் நிறத்தில் ஒன்று, மலிவு. கறுப்பில் ஒன்று, யானை விலை. அப்பாவுக்குத் தெரியாமல் எது பிடிக்கும் என்று கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தாய். தெரியாமல் கேட்கிற வித்தை எனக்கு வராது. இரண்டு படத்தையும் அவன் முன்னால் நீட்டிவிட்டேன்.

வெகுநேரம் பார்த்தான். அப்புறம், "மலிவானதே போதும்மா. தாங்குற வரைக்கும் தாங்கட்டும். அவ காசை வீணாக்க வேணாம்னு எழுது" என்றான்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் பிள்ளை வாயிலிருந்து சிக்கனம் வருவது இதுதான் முதல் தடவை. உன் அம்மா இருந்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. கடைக்காரன் குறைந்த விலையில் டிரில் பிட் கொடுத்தான் என்று அவள் ஆசையாக வாங்கி வந்தாள். இவன் அதைச் சாக்கடையில் வீசினான். "இதை வெச்சு வேலை பார்த்தா எனக்கே என் மேல மரியாதை போயிடும்" என்றான். அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. நான் அவள் பக்கம்தான்.

கை போன பிறகு இப்போதுதான் முகம் தெளிந்திருக்கிறான். இடது கையில் மிஞ்சின கட்டைவிரலோடு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், இந்த வாரம் விடிந்ததும் எழுந்து சவரம் செய்துகொள்கிறான். பட்டறைக் கொட்டகையைப் பெருக்கினான். நான் கத்திக் கத்தித் தொண்டை வற்றின அடுப்படிக் கதவின் கீலைச் சரி செய்தான். ஒழுகின குழாயை நிறுத்தினான். நேற்று இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவன் வேலை பார்த்த அந்த மரப்பட்டறை முதலாளியை இன்றைக்குத் தெருமுனையில் பார்த்தேன். வேலை தாமதமாகிறது என்று ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றி வைத்தவன் அவன். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்து, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பாதியை அவனே உரித்துத் தின்றுவிட்டுப் போனான். அந்த வாய் அசைந்ததை என் கட்டை வேகும்வரை மறக்கமாட்டேன். வணக்கம் சொன்னான். நான் அவன் பின்னால் இருந்த லைட் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

ஆகவே மலிவானதையே வாங்கி அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பாட்டி


புதன்கிழமை

வாலு,

முந்தின கடிதத்தைக் கிழித்துப் போடு. மலிவானதை வாங்காதே. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு, திருப்பி வாங்காவிட்டால் தூக்கிப் போடு.

இதைப் போனில் சொல்ல வழியில்லை. வீட்டுப் போன் உன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. நேற்று ராத்திரி நீ கூப்பிட்டபோது அவன் பக்கத்திலேயே நின்றான். அதனால்தான் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பைத்தியம்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலை, உன் அப்பாவோடு வேலை பார்த்த பாலிஷ்காரர் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். உங்கள் கிடங்கில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்களாமே, அடித்து அடித்து ஓய்ந்தது. அவருடைய தம்பி லாரி இன்றைக்கு உங்கள் ஊருக்கு வருகிறது. அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். நாளைக் காலையில் உன்னிடம் சேர்ந்துவிடும்.

திங்கட்கிழமை சாமான் கடைக்குப் போனேன். துருப்பிடித்த பூட்டைப் புதுசு என்று என் தலையில் கட்டினானே, அதே கடை. நீ மலிவு என்று எழுதினது நிஜமா, இல்லை உன்னையும் யாராவது ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கத்தான் போனேன். "என்ன பாட்டி, தச்சு வேலைக்கு எறங்கிட்டீங்களா?" என்று கிண்டல் செய்தான். "ஆமா, உனக்கு ஒரு பெட்டி அடிக்கலாம்னு அளவெடுக்க வந்தேன்" என்றேன். அப்புறம் ஒழுங்காகக் காட்டினான்.

மஞ்சளைப் பலகை மேல் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கையால் ஓர் இரும்புக் கவ்வியை முறுக்கி இறுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் டிரில். நான் அவனிடம், "இடது கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு செஞ்சு காட்டு" என்றேன். சிரித்துக்கொண்டே செய்தான். ஜிக் ஒரு பக்கம் வழுக்கியது. பலகை அவன் கால்மேல் விழுந்தது. சிரிப்பு நின்றது. "ரெண்டு கை இல்லாம இது ஆகாது பாட்டி" என்றான்.

கறுப்பு அப்படி இல்லை. அது மேசையோடு நிற்கிறது. பலகையைச் செருகி, நெம்புகோலை ஒரு தள்ளு தள்ளினால் கப்பென்று பிடித்துக்கொள்கிறது. கனமான பலகையோ மெல்லிசோ, அதுவே அளவு பார்த்துப் பிடிக்கிறது. நானே ஒரு கையால் தள்ளிப் பார்த்தேன். என் பலத்துக்கே நின்றது.

கடையிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். அந்தப் படங்களை உன் அப்பன் அவ்வளவு நேரம் பார்த்தானே. ஆணி விற்கிறவனுக்குத் தெரிந்தது, பிறந்ததிலிருந்து மரத்தோடு கிடக்கிறவனுக்குத் தெரியாதா? தன்னால் இறுக்கவே முடியாத சாமானைப் போதும் என்று சொல்லியிருக்கிறான். வந்தாலும் பிரிக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறான்.

வீட்டு வாசலில் பாலிஷ்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் துணி மூட்டை. "அம்மா, அண்ணன் உளியெல்லாம் எனக்குக் குடுத்துட்டார். உங்கிட்ட இருந்தா உபயோகப்படும்னு சொல்றார். ஏன்னு கேட்டா சிரிக்கிறார். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார். அந்த உளிகளை நான் தொட்டால்கூட அவனுக்கு ஆகாது. உன் அம்மா ஒன்றை எடுத்துப் பவுடர் டப்பா திறந்தாள் என்று அவளோடு பேசாமல் கிடந்தவன். "மூட்டையை உங்க வீட்டுல ஒளிச்சு வையுங்க, வேற யாருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். உன் தாத்தா நெஞ்சுவலியில் போகவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். உன் அப்பனுக்குத் தெரியும். மீசை முளைக்காத வயசில் பார்க்கக்கூடாததை அவன் பார்த்தான்.

போகிறதற்குக் கொஞ்ச நாள் முன்னால் செருப்புத் தைக்கக் கொடுத்தார். தைக்கிறவர் என்னைப் பார்த்து, "புது அடி போடட்டுமான்னு கேட்டேன், ஒரு தையல் போதும்ங்கிறார்" என்றார். எத்தனையோ வருஷமாகத் திட்டித் திட்டிக் கடைசியில் மனுஷனுக்குச் சிக்கனம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த வாரம் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தார். என்னைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார். என் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் குடித்தனத்திலேயே நல்ல வாரம் அதுதான். அதனால்தான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. படத்துக்கு விளக்கு ஏற்றுகிறேன், பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு எழுதினேனே, குழாய், கீல், இரண்டாம் தடவை சோறு. எழுதின கையை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.

நேற்று மத்தியானம் அவன் சாப்பிடும்போது நேராகக் கேட்டுவிட்டேன். "உங்கப்பன் போன வழியில போகலாம்னு இருக்கியாடா?" என்றேன். தட்டைத் தள்ளி வைத்தான். "என்னம்மா நீ" என்றான். இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம், "எனக்காக அவ இன்னும் எத்தனை நாள் பெட்டி தூக்குவா? நான் இருக்கிற வரைக்கும் அவ கல்யாணம் தள்ளித்தான் போகும்" என்றான். "உங்கப்பன் இருந்தப்ப நான் எதையும் சுமக்கலடா. போனப்புறம்தான் சுமக்கிறேன், இன்னும் இறக்கி வைக்கல" என்றேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கொட்டகைச் சாவி என் முந்தானையில் இருக்கிறது. பாலிஷ்காரர் தன் வீட்டில் பெயின்ட் வாடை என்று பொய் சொல்லி நேற்றிலிருந்து நம் கூடத்தில் படுக்கிறார். அவர் குறட்டையில் வீடே நடுங்குகிறது. நடுங்கட்டும். கைக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரியிலேயே இந்த மாதிரி மனசுக்கென்று டாக்டர் இருக்கிறாராம். தன் அக்கா மகன் அங்கே போய்த்தான் தேறினான் என்று பாலிஷ்காரர் சொன்னார். நான் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்கிறான். நீ கூப்பிட்டால் வருவான். நீ பிறந்ததிலிருந்து உன் பேச்சைத் தட்டினதில்லை, அந்தப் பொறாமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

லீவு கேள். தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. பெட்டி தூக்க ஊரெல்லாம் கிடங்கு இருக்கிறது. கறுப்பு ஜிக்கை வாங்கு. பார்சலில் அனுப்பாதே, கையில் எடுத்து வா. வந்ததும் அவன் மடியில் வை. உன் அறையில் கட்டில் ஆடுகிறது, வேறு ஒன்று செய்துகொடு என்று கேள். ஆடாவிட்டாலும் கேள். மலிவானதே போதும் என்றாரே, எதற்கு இத்தனை விலையில் என்று யாராவது கேட்டால், என் பாட்டிக்கு நல்ல சாமான்தான் பிடிக்கும் என்று சொல். அப்புறம் தனியாக உட்கார்த்தி, நான் கேட்டதை நீயும் கேள். பயப்படாமல் கேள். உன் தாத்தாவிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

இதோ, குளித்துவிட்டு வருகிறான். ஈரத் தலையைத் துவட்டக் கை போதாமல் என்னைப் பார்க்கிறான். போய்த் துவட்ட வேண்டும்.

நீ நல்லபடியாக வந்து சேர் கண்ணு. வழியில் எதுவும் உன்னை நிறுத்தாமல் இருக்கட்டும். நீ வரும்வரை அவன் இருக்கட்டும். நீ வந்த பிறகும் இருக்கட்டும்.

உன் பாட்டி