வலது காலில் ஒரு கோடு

2-2-53 திங்கள்

பனி. எட்டு மணிக்கும் சூரியனைக் காணோம். காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் உப்பளம் வரை சைக்கிள். போய்ச் சேர்வதற்குள் சட்டை ஈரம்.

ஹார்பர் பட்டறையில் ஒரு வாரம் லீவு போட்டு வந்தது இந்தக் கண்ராவியைப் பார்க்கத்தான் போலும். தகரக் கொட்டகைக் கதவைத் திறந்ததும் மீன் நாற்றம். நான் பழுது பார்க்க வந்த பழைய சண்டை விமானம், மூக்கிலிருந்து வால் வரை பளபள. தொட்டால் வழுக்கல். காவலுக்கு வைத்திருக்கும் ஏகாம்பரம், கல்மண்டபத்து மீன்காரன், கந்தல் துணியோடு நிற்கிறான். சிரிப்பு வேறு.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கீற?"

"சுறா எண்ணெய் நைனா. வூட்லேர்ந்து கொணாந்தேன். காலு, றெக்கை எல்லாம் துரு ஏறிக்கினு கீது. படகுக்கு நாங்க இப்டிதான் தடவுவோம். உப்பு கிட்ட வராது."

"அது படகுடா! இதுக்கு வால் பக்கம் முழுக்கத் துணி. எண்ணெய் பட்டா மேல பூச்சு ஒட்டுமாடா, முட்டாள்!"

இன்னும் என்னவெல்லாமோ கத்தினேன். எழுதக் கூசுகிறது. டின்னைத் தூக்கி வெளியே எறிந்தேன், அவனையும் போகச் சொன்னேன். டின்னை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனான். போகட்டும். ஞாயிற்றுக்கிழமை இது பறக்க வேண்டும்.

3-2-53 செவ்வாய்

வெயில். இன்றைய வேலை:

வால் துணி, சோப்பு போட்டு மூன்று தடவை கழுவல். இரண்டு இடத்தில் கிழித்துப் புதுத்துணி. பூச்சு.
எஞ்சின் ஓட்டம், இருபது நிமிஷம். அருமையான சத்தம். பர்மா எல்லையில் கேட்ட அதே சத்தம். கண் கலங்கிவிட்டது, சை.
டயர் இரண்டும் சரி.
சக்கரக் கால் இரண்டும் துணியால் ஒரு துடைப்பு. இரும்புதானே, எண்ணெய் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் காண்ட்ராக்டர் வந்தான். சண்டை முடிந்ததும் விமானத்தை ஏலத்தில் எடுத்து ஏழு வருஷம் உப்புக்காற்றில் காயப்போட்ட புண்ணியவான். இப்போது ஞாயிறன்று சனத்தைக் கூட்டி, தலைக்கு மேல் மூன்று சுற்று விடப் போகிறானாம். கையில் ஒரு அட்டை. "எல்லாம் பார்த்தேன், பறக்கலாம்" என்று ஃபிட்டர் கையெழுத்துப் போடும் அட்டை. அவசரமாம், சர்க்கார் ஆபீசில் காட்டணுமாம். சக்கரக் கால் மூட்டுகளை மட்டும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டுக் கொடுத்துவிட்டேன்.

விமானப்படையில் நாலு வருஷம். ஒரு தடவைகூடப் பார்க்காமல் போட்டதில்லை.

4-2-53 புதன்

கேப்டன் வந்தார். ஓட்டப்போவது அவர். பழைய விமானப்படை ஆள். நல்ல மனுஷன், என்னை வாங்க போங்க என்கிறார். கூடவே மனைவி, நாலு வயசுப் பெண் குழந்தை. குழந்தை சக்கரத்தை உதைத்துப் பார்த்தது. அந்த அம்மா என்னைத் தனியாகக் கேட்டார். "பத்திரம்தானே?"

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேம்மா."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! நாள் முழுக்க றெக்கைத் துப்பாக்கி மூடி, ஓட்டுகிறவரின் கண்ணாடிக் கூண்டு என்று போயிற்று. மூட்டுகள் பார்க்கவில்லை. வீட்டில் கமலா சட்டையை மோந்துவிட்டு, "ஏரோப்ளேன் ரிப்பேரா, காசிமேட்டுல மீன் யாவாரமா?" என்றாள். எரிந்து விழுந்தேன். பாவம்.

5-2-53 வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் போனால் சக்கரக் கால்கள் வெள்ளை வெளேர். பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்று காண்ட்ராக்டர் நேற்று நான் போன பிறகு ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருக்கிறான். மதில், மரம், சாக்கடை ஓரம், விமானக் கால், எல்லாவற்றுக்கும் ஒரே வாளி, ஒரே மட்டை. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் ஒன்று கண்ணில் பட்டது.

வலது கால். மேலே றெக்கையோடு சேரும் மூட்டு. காய்ந்த சுண்ணாம்பில் பழுப்பாக ஒரு கோடு. மயிரிழை மாதிரி. அரைச் சுற்று. துடைத்தேன், திரும்பச் சுண்ணாம்பு தடவினேன். பத்து நிமிஷத்தில் மறுபடி அதே கோடு. மோந்து பார்த்தேன். சுறா எண்ணெய்.

விரிசல். உள்ளே புகுந்த எண்ணெய் சுண்ணாம்பில் கசிகிறது. படையில் மண்ணெண்ணெய் தடவிச் சாக்குக்கட்டித் தூள் பூசி, விரிசல் தேட இதைத்தானே செய்வோம்! எனக்குத் தெரிந்த வேலை. நான் செய்யவில்லை. ஒரு மீன்காரனும் வெள்ளையடிக்கிறவனும் தெரியாமல் செய்துவிட்டார்கள். தரையில் இறங்கி மோதும்போது இந்த மூட்டு போகும். விமானம் குப்புற விழும். கேப்டன் உள்ளே.

அட்டையில் என் பெயர்.

6-2-53 வெள்ளி

காற்று. காண்ட்ராக்டரிடம் சொன்னேன். வெற்றிலை மென்றுகொண்டே கேட்டான்.

"இத்தினி வருசம் நின்னுச்சுல்ல? ஒரு நாள் நிக்காதா?"

"நிக்கறது வேற, எறங்கறது வேற. அட்டையைக் குடு, கிழிச்சுப் போடறேன்."

"அது ஆபீசுக்குப் போயிடுச்சு மேஸ்திரி. கையெழுத்து உன்னுது. பேஜாரு பண்ணாத. வூட்டுக்குப் போ."

தடியன்கள் இரண்டு பேரை வைத்து என்னை வெளியே தள்ளினான். உப்பளச் சேற்றில் செருப்பு ஒன்று போயிற்று. கேப்டன் வீட்டுக்கு ஓடினால் பூட்டு. பெங்களூர் போயிருக்கிறாராம், ஞாயிறு காலைதான் வருவாராம்.

7-2-53 சனி

கமலாவிடம் எல்லாம் சொன்னேன். "போட்ட கையெழுத்தை வாயால அழிக்க முடியாது"ன்னுட்டா. கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

மத்தியானம் கல்மண்டபம். ஏகாம்பரம் வலை சீர் பண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் இருந்தான். எதிரே பத்து நிமிஷம் நின்றேன். "நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பட்டறையில் பதினாலு ராத்தல் சம்மட்டி இரவல்.

8-2-53 ஞாயிறு

நல்ல வெயில். நல்ல கூட்டம். ஐஸ்காரன், பலூன்காரன், பேண்டு. விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறான். கால்களில் இப்போது வெள்ளை பெயிண்ட், தடித்து இரண்டு பூச்சு. கோட்டைக் காணோம். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனேன். சம்மட்டி சாக்குப்பையில்.

கேப்டன் ஏறத் தயார். வலது கால் மூட்டில் விரிசல் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார்.

காண்ட்ராக்டர் கையை விரித்தான். "எங்க கீது? காட்டச் சொல்லுங்க. கூலிக்குத் தகராறு பண்றான் சார்."

கேப்டன் என்னைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டது நீங்கதானே, மேஸ்திரி?"

"நான்தான். பார்க்காம போட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அந்தக் குழந்தை "அப்பா, ஏறு ஏறு" என்று கைதட்டியது. சம்மட்டியை எடுத்துவிட்டேன். நல்ல இரும்பாயிருந்தால் பெயிண்ட் மட்டும் உதிரும். எல்லாரையும் விலகச் சொல்லிக் கத்தினேன்.

வலது கால் மூட்டில் முதல் அடி, பெயிண்ட் உதிர்ந்தது. தடியன் ஒருத்தன் என் தோளைப் பிடித்தான். உதறிவிட்டு இரண்டாவது போட்டேன். படாரென்று ஒரு சத்தம். வலது றெக்கை தரையில். பேண்டு நின்றது.

கேப்டன் முட்டி போட்டு முறிந்த இடத்தைப் பார்த்தார். பாதிக்கு மேல் பழைய துரு, கறுப்பாக. மிச்சம்தான் புதுசாகப் பளபளப்பு. விரலை வைத்து மோந்தார். எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை! திட்டியிருந்தால் தேவலை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏகாம்பரம். "இன்னா நைனா, எண்ணெய் தடவ்னதுக்கு அந்தத் திட்டு திட்ன. நீ சம்மட்டியாலயே போட்டுக்கீற?"

"உன் எண்ணெய்தாண்டா காட்டிக் குடுத்துச்சு. நான் பேசினது தப்பு."

"தோ பார்றா!" என்றான். சுற்றி நின்றவர்களிடம் எல்லாம் அதையே என்னைத் திரும்பச் சொல்ல வைத்தான். மூன்று தடவை சொன்னேன்.

காண்ட்ராக்டர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டானாம். வாசலில் கான்ஸ்டபிள் நிற்கிறார், கமலா மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அடித்தது நான்தான் என்று வாக்குமூலம் வேண்டுமாம். வரட்டும். காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போடுவேன்.