எரிந்த கட்சி

மாசி 20, வியாழன்

சிவன் மன்மதனை எரித்தார் என்று நான் பாடுவேன். எரிக்கவே இல்லை என்று முத்தையா மறுத்துப் பாடுவான். எங்கள் எஸ்டேட் காமன் பண்டிகையில் பல வருடமாக லாவணி இப்படித்தான். எழுதிவைத்துப் பாடுவதில்லை. டேப்பு என்னும் கைப்பறையைத் தட்டிக்கொண்டே அந்த நிமிடத்தில் பதில் கட்ட வேண்டும். டேப்பு நின்றால் தோல்வி.

இன்று முத்தையா, "எரிந்தான் என்றால் சாம்பல் எங்கே, காட்டு" என்று பாடி என்னை மடக்கினான். என் வாய் யோசிக்கவில்லை. "கையால் அள்ளி ஆற்றில் கரைத்தவனா சாம்பலைக் கேட்கிறாய்" என்று திருப்பிப் பாடிவிட்டேன்.

பாடிய பிறகுதான் உறைத்தது. போன மாதம் அவன் மகனின் சாம்பலைக் குந்தா ஆற்றில் கரைத்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

அவன் டேப்பு நின்றது. கூட்டம் விசில் அடித்தது. விழாத் தலைவர் எனக்குத் துண்டு போர்த்தினார்.

மேடையை விட்டு இறங்கியதும் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். "நெனச்சுப் பாடலடா. தானா வந்துருச்சு."

"தெரியும்ண்ணே. பாட்டுன்னா அப்படித்தான் வரும். நாளைக்கு எரிஞ்ச கட்சிய நான் பாடுறேன். எரியலன்னு பாட எனக்கு இனி வாய் வராது. அத நீங்க பாடுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

நாளை அவன் எதிரே நின்று எரியவில்லை என்று சாதிக்க வேண்டும். "எரியாதவன் எங்கே, கூட்டிவா" என்றுதான் முதலில் கேட்பான். அதற்குப் பதில் பாட இதுவரை ஒரு அடிகூட வரவில்லை.